சவரக்கத்தி வந்த வழி

அரூரிலிருந்து தீர்த்தமலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மலைமேல் விழும் தீர்த்தங்களுக்காகவே போகிறார்கள். நிலவியல் நூல்களில் அந்த மலைக்கு வேறொரு புகழ் உண்டு. வில்லியம் கிங், ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியலாளர்கள் இருவர் 1864இல் சேலம் மாவட்டத்து இரும்புக்கல் படுகைகளைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து எழுதினார்கள். கஞ்சமலை, கோதுமலை, கொல்லிமலை ஆகியவற்றோடு தீர்த்தமலையும் அதில் ஒரு தொகுதி. அரூர் அன்று சேலம் மாவட்டத்து ஊர். இன்று அது இருக்கும் தருமபுரி தனி மாவட்டமானது 1965இல்தான். காந்தத்தில் ஒட்டும் அந்தக் கருங்கல்லை இந்தப் பக்கத்து மக்கள், நிலவியலாளர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே உருக்கிக்கொண்டிருந்தார்கள்.

சவரக்கத்தியின் கதையை நான் இந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குவேன். மடக்குக் கத்தியால் தானே சவரம் செய்துகொள்ளப் பழகும் இளைஞர்கள் இப்போது மறுபடியும் வந்திருக்கிறார்கள். அவர்கள் வாங்கும் கத்தியின் வாலில் ஜெர்மனியின் சோலிங்கன் என்றோ இங்கிலாந்தின் ஷெஃபீல்டு என்றோ முத்திரை இருக்கும். அது ஐரோப்பாவில் பிறந்த பொருள் என்று எடுத்துக்கொள்வது எளிது. அதன் வரலாற்றில் பாதி அங்கே நடந்தது. மீதிப் பாதியை இங்கே தேட வேண்டும்.

கல்லை இடித்து, நீரில் அலசி, கனமான கருந்தூளைப் பிரித்தெடுப்பார்கள். உலை நாலைந்து அடி உயரத்தில் களிமண்ணால் கட்டியது. இரண்டு ஆட்டுத்தோல் துருத்திகள், மூங்கில் குழல், நிறையக் கரி. சில மணி நேரத்தில் கசடோடு ஒரு இரும்புக் கட்டி கிடைக்கும். அதை அடித்து அடித்துக் கசடை வெளியேற்றினால் தேனிரும்பு. கொழுவும் கடப்பாரையும் செய்ய அது போதும். சவரக்கத்திக்குப் போதாது. முகத்து மயிரை அறுக்கும் வாய்க்கு எஃகு வேண்டும்.

அந்த எஃகை எப்படிச் செய்தார்கள் என்பதை ஜோசையா மார்ஷல் ஹீத் விவரமாக எழுதி வைத்திருக்கிறார். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் சேலத்தில் இருந்தவர் அவர். இரும்பைச் சிறு துண்டுகளாக வெட்டி மண்மூசையில் இடுவார்கள். கூடவே ஆவாரங்கட்டை, எருக்கிலை. மூசையின் வாயைக் களிமண்ணால் பூசி, இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை ஒரே உலையில் அடுக்கி இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள். ஆறிய பிறகு மூசையை உடைத்தால் உள்ளே ஒரு சின்ன வட்டக் கட்டி. அரை ராத்தலிலிருந்து இரண்டு ராத்தல் எடை. மூடிய மூசைக்குள் கட்டையும் இலையும் கரியாகி, அந்தக் கரி இரும்புக்குள் இறங்கி, இரும்பு முழுதாக உருகிவிடுகிறது. உருகியதால் கசடு மேலே மிதந்து பிரிந்துவிடுகிறது. ஐரோப்பியர்கள் ‘உட்ஸ்’ என்று அழைத்த எஃகு இதுதான். வேலியோரத்து ஆவாரையும் தரிசு நிலத்து எருக்கும் உலகத்தின் மிகச் சிறந்த எஃகுக்குள் போயிருக்கின்றன என்பதை நம் பள்ளிக்கூடங்களில் ஏன் சொல்வதில்லை என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்வில் உலைகளும் மூசைகளும் கிடைத்தன. கல்வராயன் மலைக்கு அந்தப் பக்கம் மேல்சிறுவளூரில் மூசை எஃகு செய்த இடமொன்றை சாரதா ஸ்ரீநிவாசன் கண்டறிந்து 1994இல் எழுதினார். அரூருக்குக் கிழக்கே சித்தேரி, கல்வராயன் என்று தொடரும் மலைகளின் இரண்டு பக்கமும் இரும்பு வேலை நடந்த நிலம்.

1790களில் பம்பாயிலிருந்து மருத்துவர் ஹெலினஸ் ஸ்காட் இந்த எஃகின் மாதிரிகளை லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசஃப் பேங்க்ஸுக்கு அனுப்பினார். 1795இல் ஜார்ஜ் பியர்சன் அதைச் சோதித்துக் கட்டுரை எழுதினார். அந்தச் சோதனைக்காக எஃகை அடித்துப் பார்த்த கொல்லர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட். லண்டன் ஸ்ட்ராண்ட் வீதியில் அறுவைக் கருவிகளும் சவரக்கத்திகளும் செய்து விற்றவர். மற்ற ஆங்கிலேயக் கொல்லர்கள் இந்தக் கட்டியைத் தங்கள் வழக்கப்படி வெண்மையாகப் பழுக்கக் காய்ச்சி அடித்தார்கள், அது நொறுங்கிப்போனது. கரிமம் ஒன்றரை சதவீதத்தை ஒட்டியிருக்கும் எஃகு அது. அவ்வளவு சூடு அதற்கு ஆகாது. குறைந்த செந்தணலில் பொறுமையாகத் தட்ட வேண்டும். நம் கொல்லர்களுக்குக் கைவந்த அந்தப் பொறுமையை ஸ்டோடார்ட் தானாகப் பழகினார். பழகிய பிறகு, ஐரோப்பாவின் எந்த எஃகைவிடவும் இந்திய எஃகே தனக்கு உகந்தது என்று தன் கடை அட்டையிலேயே அச்சிட்டுக்கொண்டார். லண்டன் கனவான்களின் கன்னத்தில் ஓடிய சவரக்கத்திகளை, இந்திய எஃகின் பெயரைப் பெருமையாகச் சொல்லி விற்ற காலம் அது.

ஸ்டோடார்டோடு பின்னர் கைகோத்தவர் மைக்கேல் ஃபாரடே. மின்சாரத்தால் புகழ்பெற்ற அதே ஃபாரடேதான்; கொல்லரின் மகன். உட்ஸின் தரத்துக்கு என்ன காரணம் என்று 1819இல் அவர் ஆராய்ந்தார். அலுமினாவும் சிலிகாவும் காரணம் என்று நினைத்தார். அது சரியில்லை என்பது பின்னால் தெரிந்தது. ஆனால் அந்தத் தேடல்தான் எஃகில் வேறு உலோகங்களைக் கலந்து பார்க்கும் வழியைத் திறந்தது. ஸ்டோடார்டும் ஃபாரடேயும் சேர்ந்து வெள்ளி, பிளாட்டினம், ரோடியம் என்று கலந்து பார்த்து 1820இலும் 1822இலும் கட்டுரைகள் வெளியிட்டார்கள். ரோடியம் கலந்த எஃகில் செய்த சவரக்கத்திகளை ஃபாரடே நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுத்தார். ஐநூறில் ஒரு பங்கு வெள்ளி கலந்த எஃகை ஷெஃபீல்டு தொழிற்சாலைகள் எடுத்துக்கொண்டன. ‘சில்வர் ஸ்டீல்’ என்ற முத்திரையோடு பழைய ஷெஃபீல்டு கத்திகள் இன்றும் கைமாறுகின்றன. ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஒரு பெட்டிக்குள் கிடந்த ஃபாரடேயின் எஃகு மாதிரிகளை ராபர்ட் ஹாட்ஃபீல்டு சோதித்து 1931இல் நூலாக வெளியிட்டார். கலப்பு எஃகின் வரலாறு இந்தியக் கட்டி ஒன்றைப் புரிந்துகொள்ளும் முயற்சியிலிருந்து கிளைத்தது என்று நான் சொன்னால் அது ஊர்ப்பெருமை இல்லை, ஆவணத்தில் இருப்பது.

ஹீத் எடுத்த வழி வேறு. இங்கிலாந்து எஃகுக்காக சுவீடன் இரும்பை நம்பியிருந்தது. அந்த இடத்தைச் சேலத்து இரும்பு பிடிக்கும் என்று அவர் நம்பினார். உத்தியோகத்தை விட்டு, 1830இல் பரங்கிப்பேட்டையில் உலைகள் அமைத்தார். சேலத்து இரும்புக்கல் காவிரி, கொள்ளிடம் வழியே பரிசல்களில் கடற்கரைக்குப் போனது. வார்ப்பிரும்பு கப்பலேறி இங்கிலாந்து போனது. உலைக்குக் கரி காடுகளிலிருந்து வந்தது. கரி குறையக் குறையச் செலவு ஏறியது. நிறுவனம் சில பத்தாண்டுகளில் ஓய்ந்தது. ஹீத் 1839இல் ஷெஃபீல்டில் மாங்கனீசு சேர்த்து மூசை எஃகு செய்யும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு முழுவதும் அதைப் பயன்படுத்தி லாபம் பார்த்தது. அவர் வழக்காடியே ஓய்ந்து 1851இல் இறந்தார். இங்கே மூசை வைத்து ஊதியவர்களுக்கோ காப்புரிமையும் இல்லை, வழக்கும் இல்லை. மலிவான வெளிநாட்டு இரும்பு வந்து இறங்க, உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அவர்களின் பெயர்கள் ஏடுகளில் ஏறாமல் போனது எனக்குத் தீராத வருத்தம்.

கத்தி இனி ஐரோப்பாவில் வளர்கிறது. ஷெஃபீல்டு கத்திகள் முதலில் ஆப்பு வடிவில் தடித்திருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியில் சோலிங்கன்காரர்கள் இரண்டு பக்கங்களையும் சாணையில் குழித்து, காகிதம்போல மெலிந்த கத்தியைக் கொண்டு வந்தார்கள். சாணைக்கல்லின் தூசு ஷெஃபீல்டு தொழிலாளர்களின் நுரையீரலை அரித்து, இளமையிலேயே பலரைக் கொன்றது; இதையும் அந்தப் பளபளப்போடு சேர்த்தே நினைக்க வேண்டும். சோலிங்கன் சரக்கில் ஷெஃபீல்டு பெயரைப் பொறித்து விற்கிறார்கள் என்ற புகார் வலுத்தது. 1887இல் வந்த பிரிட்டிஷ் சட்டம், பிரிட்டிஷ் பெயரோ முத்திரையோ தாங்கிய அயல்நாட்டுச் சரக்கில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயரும் இருக்க வேண்டும் என்றது. ‘மேட் இன் ஜெர்மனி’ அப்படித்தான் பிறந்தது. அவமானமாக விதித்த அந்தச் சொல்லே பிறகு தரச் சான்றாகி, சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, உள்நாட்டுச் சந்தைகள் வழியே நம்மூர் அடைப்பத்துக்குள் வந்து சேர்ந்தது.

அடைப்பம் என்பது தோல்பையோ மரப்பெட்டியோ. உள்ளே இரண்டு மூன்று கத்திகள், கத்தரிக்கோல், தீட்டுக்கல், தோல்பட்டை, நீர்க்கிண்ணி, படிக்காரம், சின்னக் கண்ணாடி. நாவிதத் தொழில் செய்த மருத்துவர் சமூகத்தைச் சேர்ந்தவர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திண்ணைகளுக்கும் மரத்தடிகளுக்கும் போவார். கூலி காசாக வருவது குறைவு. அறுவடை முடிந்ததும் களத்தில் தானியமாக அளந்து போடுவார்கள். இந்தப் பக்கம் கேழ்வரகும் சாமையும்தான். கட்டியைக் கீறியதும் புண்ணுக்கு மருந்து வைத்ததும் அவர்களே. பிரசவம் பார்த்தது அவர்கள் வீட்டுப் பெண்கள். சவரக்கத்தி ஊர் வீடுகளின் பிறப்புச் சடங்குக்கும் சாவுச் சடங்குக்கும் போகும். பிடித்த கைக்கு மட்டும் வீட்டுக்குள் இடம் கிடையாது.

அந்தக் கத்தி எல்லா முகத்துக்கும் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காந்தி தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியா நகரில் ஒரு வெள்ளைக்கார நாவிதரிடம் போய், நிறத்தின் காரணமாகத் திருப்பி அனுப்பப்பட்டார். முடிவெட்டும் கருவி வாங்கித் தன் முடியைத் தானே கண்ணாடி முன் வெட்டிக்கொண்டார். அந்த நாவிதர்மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. நம் நாட்டில் நம் நாவிதர்களைத் தீண்டப்படாதவர் என்று ஒதுக்கியவர்களுக்குச் சவரம் செய்ய நாம் விடுகிறோமா என்று சுயசரிதையில் கேட்கிறார். 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம் அந்த மறுப்பைக் குற்றமாக்கியது. முடிதிருத்த மறுத்ததற்காக வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பதியப்படும் வழக்குகளைத் தமிழ்நாட்டில் இன்றும் செய்தித்தாளில் படிக்கிறோம். தொழில் செய்பவர் விரும்பினாலும் ஊர்க்கட்டு விடாத இடங்கள் இருந்தன. தானே சவரம் செய்துகொள்ளக் கற்றது பலருக்குப் பொழுதுபோக்காக வந்த கலை இல்லை. வேறு வழி இல்லாமல் வந்தது.

ஜில்லட் 1903இல் பாதுகாப்பு ரேசரை விற்கத் தொடங்கினார். முதல் உலகப்போரில் அமெரிக்கப் படைவீரர்கள் ஒவ்வொருவர் கைக்கும் அது போனது. வீட்டுச் சவரத்திலிருந்து மடக்குக் கத்தி அதோடு விலகியது. சலூனில் அது இன்னும் எழுபது ஆண்டு இருந்தது. 1986இல் சென்னையில் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றைக் கண்டறிந்தார்கள். அதன்பிறகு சலூன் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் “புது பிளேடு போடுங்க” என்று கேட்கத் தொடங்கினார்கள். பிளேடை உறையோடு இரண்டாக ஒடித்து, பாதியைச் செருகும் கத்தி வந்தது. அது சரியான மாற்றம். ஒரே வாய் பலர் ரத்தத்தில் படக் கூடாது. ஆனால் அந்த மாற்றத்தோடு தீட்டும் கை போய்விட்டது. கோணம், பிடி, தோலை இழுக்கும் விரல் எல்லாம் இன்றைய சலூன் பையன்களிடமும் இருக்கின்றன. மழுங்கிய எஃகை மறுபடியும் உயிர்ப்பிக்கும் வித்தை மட்டும் அவர்களுக்குச் சொல்லித்தரப்படவில்லை, தேவைப்படவும் இல்லை.

இப்போது புதிதாகக் கற்பவர் கையில் மடக்குக் கத்தி பார்சலில் வந்து இறங்குகிறது. அவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பெட்டியிலிருந்து எடுத்த புதுக்கத்தி பெரும்பாலும் சவரத்துக்குத் தயாராக இருக்காது என்பது. தீட்ட வேண்டும். மடக்குக் கத்தியின் முதுகு வேண்டுமென்றே தடித்து வைக்கப்பட்டிருக்கிறது. முதுகையும் வாயையும் ஒருசேரக் கல்லில் படுக்கவைத்து, வாய் முன்னே போகத் தள்ளினால் கோணம் தானாக அமையும். முதுகைத் தூக்கினால் எல்லாம் கெடும். கரடான ஆயிரம் எண் கல்லில் தொடங்கி நுண்மையான எட்டாயிரம், பன்னிரண்டாயிரம் வரை போகிறவர்கள் உண்டு. பிறகு தோல்பட்டை. அங்கே திசை மாறும்: முதுகு முன்னே, வாய் பின்னே. திருப்பும்போது முதுகின் மேலேயே உருட்ட வேண்டும். வாயின் மேல் உருட்டினால் பட்டை அறுபடும், கூரும் போகும். பழைய நாவிதர்கள் கடைசி இழுப்பை உள்ளங்கையில் முடிப்பார்கள். புதியவர் அதைப் பார்த்துச் செய்யக் கூடாது.

முகத்தை ஊறவைப்பதில் அவசரம் வேண்டாம். அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் 2020இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு விஷயம் எழுதினார்கள். மயிர் எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையானது. ஆனாலும் மயிர் வளைந்து சாய்வாக மோதும்போது, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடங்களில் வாய் சில்லுச் சில்லாகப் பெயர்கிறது. மின்னணு நுண்ணோக்கிக்குள் சவரம் செய்தே அதைப் படம் பிடித்தார்கள். உள்ளமைப்பு சீராக இருப்பதுதான் சவரக்கத்தி எஃகின் உயிர். மூசையில் முழுதாக உருக்குவதில் நம் ஆட்கள் தேடியதும் அந்தச் சீர்மையைத்தான். வெந்நீரில் ஊறிய மயிர் நீரை உறிஞ்சி இளகும். சோப்பு நுரை அந்த நீரைப் பிடித்து வைக்கும். சலூனில் தூரிகையால் அவ்வளவு நேரம் தேய்க்கிறார்களே, அது அலங்காரத்துக்கு இல்லை.

வலது கன்னத்தில் தொடங்க வேண்டும். கிருதாவுக்குக் கீழே, சமமான தோலில். இடது கையால் தோலை மேல்நோக்கி இழுத்துப் பிடித்து, கத்தி முதுகுக்கும் தோலுக்கும் ஏறத்தாழ முப்பது பாகைச் சாய்வு வைத்து, மயிர் படிந்த திசையிலேயே இறக்க வேண்டும். கத்தியின் எடை போதும். கை அழுத்தக் கூடாது. கோணம் கூடினால் சுரண்டும், குறைந்தால் மயிரைப் பிடித்து இழுக்கும். பக்கவாட்டில் ஒரு நூல் நகர்ந்தாலும் வெட்டும். பாரிஸ் கத்திக்கொல்லர் ஜான் ஜாக் பெரே 1769இலேயே தானே சவரம் செய்யக் கற்கும் முறைக்கு ஒரு முழு நூல் எழுதினார். இருநூற்றைம்பது ஆண்டு கழித்தும் புதியவரின் சங்கடம் மாறவில்லை: கண்ணாடியில் கை எதிர்ப்பக்கம் போவதுபோல் தெரியும், பார்வையை விட்டு விரலின் உணர்வை நம்பப் பழக வேண்டும். சத்தமும் வழிகாட்டும். நன்றாகத் தீட்டிய வாய் நுரைக்குள் சீராகக் கரகரக்கும். இழுபடும் சத்தம் கேட்டால் நிறுத்திவிட வேண்டும்.

முதல் சில வாரங்களுக்கு இரண்டு கன்னங்களை மட்டும் கத்தியால் செய்து, மற்றதைச் சாதாரண ரேசரால் முடித்துக்கொள்வதே நல்லது. இடது கன்னத்துக்கு இடது கை பழகினால் முழங்கை கண்ணை மறைக்காது. கழுத்தில் மயிர் ஆளுக்கு ஆள் வெவ்வேறு திசையில் சுழலும், விரலால் தடவி வரைபடம் போட்டுக்கொள்ள வேண்டும். தாடையின் முனையும் மேலுதடும் கடைசி. முடிந்ததும் படிக்காரத்தை நனைத்து முகத்தில் தேய்த்தால் எங்கெங்கே அழுத்தினோம் என்பதை எரிச்சலே காட்டிக்கொடுக்கும். கத்தி பெரும்பாலும் கரிம எஃகு. ஈரம் பட்டால் ஒரே இரவில் துரு ஏறும். துடைத்து, வாயில் எண்ணெய் தடவி, ஈரமில்லாத இடத்தில் வைக்க வேண்டும். குளியலறையில் வைக்கக் கூடாது.

இதெல்லாம் படித்தும் பார்த்தும் கற்க முடிகிறது. தீட்டுக்கல் வேலை மட்டும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, கை மேல் கை வைத்துக் காட்டினால்தான் சீக்கிரம் வரும். 1980களின் தொடக்கத்தில், பாதிப் பிளேடு வருவதற்கு முன், சவரம் பழகியவர்களுக்கு இப்போது அறுபது வயதை ஒட்டி இருக்கும். அரூரிலும் கம்பைநல்லூரிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் சலூன் நாற்காலியை மகனிடம் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் அந்தத் தலைமுறையிடம், பரணில் மடக்குக் கத்தியும் தேய்ந்து நடுவில் குழிந்த கல்லும் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். கேட்கப் போகிறவர் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கற்க வேண்டும். கற்றுத்தருவதற்கு, ஒரு வாத்தியாருக்குக் கொடுக்கும் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும்.